ஒன்றரை நிமிடக் குற்றம்

தேசியக் கணிப்பு உயராய்வு நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அறிவியல் அல்ல, ஒரு பலகை. ஆள் உயரத்துக்குச் சிவப்பு விளக்கில் எழுத்துகள் எரியும்: 'இன்றைய இயந்திரப் பயன்பாடு 97 சதவீதம்.' பெங்களூரில் பாதி நாள் மின்சாரம் இருக்காது. கணினிக்கு இருப்பதுபோல அந்தப் பலகைக்கும் தனி ஜெனரேட்டர் உண்டு. இயக்குநர் முனைவர் ஆராவமுதன் காலையில் காரை விட்டு இறங்கியதும், மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பதுபோல, அதைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் அன்று எல்லோருக்கும் பதில் வணக்கம் கிடைக்கும். கீழே இருந்தால் காபி கொண்டுவருபவருக்குக்கூடத் திட்டு விழும்.

பலகை சொல்வது ஒன்றைத்தான். அடித்தளத்தில் குளிர்பதன அறையில் இருக்கிற பெரிய கணினி கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் எவ்வளவு உழைத்தது என்று சொல்லும். உழைத்து என்ன கண்டுபிடித்தது, யாருக்கு என்ன பயன் என்று சொல்ல ஒரு பலகையும் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

அந்த நிலையத்தில் ஓஸ்வால்ட் ஒப்பந்த ஊழியன். உள்ளூர் மர்பி டவுன்காரன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் கழித்துப் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள். இப்படி நான்கு முறை புதிதாகச் சேர்ந்திருந்தான். 2003 ஜூனில் அவன் கையில் இருந்த வேலை, ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அனுப்பிய கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை. முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருவருடைய செல்களின் படங்களையும் கணினி பார்த்து, சந்தேகப்பட வேண்டியது எது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர்தான் இருந்தார். ஓஸ்வால்டின் மனைவி மௌரீன் அங்கேதான் லேப் டெக்னீஷியன்.

இதற்கான மென்பொருள் நிலையத்தின் சொந்தச் சரக்கு அல்ல. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்கலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். நிலையம் அதை இறக்கியது, பழைய பெயரை அழித்தது, 'ஞானதீபம்' என்று பெயர் சூட்டி ஒரு அமைச்சரை வைத்துக் குத்துவிளக்கு ஏற்றியது. அத்துடன் அது சுதேசி ஆகிவிட்டது.

ஞானதீபம் ஒரு பெண்ணின் செல்களைப் பார்த்து முடிக்க ஆறு மணி நேரம் எடுத்தது. ஒரு நாளைக்கு நான்கு பேர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எழுபத்தெட்டு நாள். மௌரீன் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பெண்ணைப் பற்றி அடிக்கடி சொல்வாள். தமயந்தி. ஊர் வாணியம்பாடிப் பக்கம், ஒக்கலிபுரத்தில் குடியிருப்பு, கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, "அக்கா, என் நம்பரு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் எண் இருநூற்று எண்பத்தேழு.

"அந்தப் பொம்பளைக்கு நடுவுல நடுவுல ரத்தம் படுதுங்க. எனக்கு மனசே சரியில்ல. கொஞ்சம் சீக்கிரம் பாக்கச் சொல்லக் கூடாதா?" என்றாள் மௌரீன்.

வரிசை மாற்றக் கூடாது என்பது நிலையத்தின் விதி. சரி, வரிசையை மாற்ற முடியாது, வேகத்தை மாற்றலாமே என்று ஓஸ்வால்ட் மென்பொருளைத் திறந்து பார்த்தான். பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர்கள் ஏற்கெனவே நல்லது, கெட்டது என்று குறித்துவைத்த ஐந்து லட்சம் செல்கள் அதற்குள் இருந்தன. புதிய செல் வந்தால் அது எதைப்போல் இருக்கிறது என்று அந்த ஐந்து லட்சத்தோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. அல்சூரில் ஒரு வீட்டைத் தேட பெங்களூரில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிற மாதிரி. அதிலும் ஒவ்வொரு கதவைத் தட்டும் முன்னும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய் முகவரியை மறுபடி வாங்கி வந்தது.

ஓஸ்வால்ட் ஐந்து லட்சத்தையும் பேட்டை பேட்டையாகப் பிரித்தான். பேட்டைக்குள் தெரு, தெருவுக்குள் வீடு. புதிய செல் வந்தால் நேரே அந்தத் தெருவுக்குப் போய் நாலு கதவைத் தட்டினால் போதும். முகவரிப் பட்டியலையும் மென்பொருள் ஒரே முறை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டது. பத்து நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினான். அதற்குள் பழைய முறையில் முடிவு வந்திருந்த முதல் நாற்பது பேரின் படங்களைக் கொடுத்துச் சோதித்தான். ஒரு செல்கூட மாறவில்லை. ஒரு பெண்ணுக்கு ஆறு மணி நேரம் என்பது ஒன்றரை நிமிடமாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டினான். சாயங்காலம் ஐந்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் முடிந்தார்கள். ஒன்பது பேரின் செல்களில் சந்தேகம். ஒன்பதாவது எண் இருநூற்று எண்பத்தேழு.

வீட்டுக்குப் போய் மௌரீனிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இயக்குநர் கையெழுத்திடும் முன் எந்த முடிவையும் வெளியில் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். ஒப்பந்தம் வேறு அந்த மாதக் கடைசியில் முடிகிறது. என்ன, திங்கட்கிழமை கையெழுத்து ஆகிவிடும், இரண்டு நாள்தானே என்று நினைத்துக்கொண்டான். பாவம், அவன் அப்படித்தான் நினைத்தான்.

திங்கட்கிழமை பலகையில் 3 சதவீதம் என்று எரிந்தது.

ஆராவமுதன் பலகை முன்னால் நின்ற கோலத்தைப் பார்த்து, யாரோ காலமாகிவிட்டார் என்று நினைத்து வாட்ச்மேன் நஞ்சுண்டப்பா தொப்பியைக் கழற்றினார். பத்து நிமிடத்தில் ஓஸ்வால்ட் மேலே அழைக்கப்பட்டான். பக்கத்தில் நிர்வாக அதிகாரி அசோகன் கோப்போடு நின்றார்.

"நீ என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு தெரியறதா?" என்றார் இயக்குநர்.

"முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் ரிசல்ட் வந்துடுச்சு சார். ஒன்பது பேர் அர்ஜென்ட். கையெழுத்து போட்டீங்கன்னா..."

"நான் ரிசல்ட்டைப் பத்திக் கேக்கலை. அடுத்த மாசம் பார்லிமென்ட் கமிட்டி வரது. இதைப்போல ரெண்டு மடங்கு பெரிய மிஷின் கேட்டிருக்கேன். இருக்கிற மிஷின் சும்மா கிடக்கறதுன்னா எவன் குடுப்பான்? பன்னெண்டு வருஷமா இது ஒரு நாள் ஓஞ்சதில்லை. நீ ஒரே வெள்ளிக்கிழமைல அதை வேலையில்லாப் பட்டதாரி ஆக்கிட்டே."

"சார், வேலை சீக்கிரம் முடிஞ்சா இன்னும் நாலு ஆஸ்பத்திரிக்குப் பாக்கலாமே."

"நாலு ஆஸ்பத்திரியா? இது ஆராய்ச்சி நிலையம்ப்பா, தர்ம ஆஸ்பத்திரி இல்லை. ஒரு கணக்கு ஆறு மணி நேரம் ஓடினாத்தான் அதுக்கு ஒரு கம்பீரம். ஒன்றரை நிமிஷத்துல முடியறதை நான் டெல்லியில எந்த மூஞ்சியோட சொல்றது?"

அசோகன் கோப்பைத் திறந்து பதினான்காம் விதியைப் படித்தார். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடிய எந்தக் கணக்கும் பாதியில் நின்ற கணக்காகக் கருதப்படும். ஜெனரேட்டர் வருமுன், அடிக்கடி மின்சாரம் போய் கணினி நின்ற காலத்தில் போட்ட விதி அது. ஆகவே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் முடிவும் வரவில்லை; மறுபடி ஓட்டியதால் முதல் நாற்பது பேரின் பழைய முடிவும் ரத்து. வந்ததாகத் தெரிவது ஓஸ்வால்டின் பார்வைக் கோளாறு.

"அந்த ஒன்பது பேரு சார்?" என்றான்.

"முடிவே வரல, அப்புறம் ஒன்பது எங்கேருந்து வரும்?" என்றார் அசோகன். கேலியாக அல்ல, மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடியது. முந்நூற்றுப் பன்னிரண்டை ஆறால் பெருக்கினால் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு மணி. ஓடியது எட்டு மணி. மீதி ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு மணி நேரம் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க, ஓய்வுபெற்ற மூன்று பேரைப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு முந்திரி பிஸ்கட்டும் அவனுக்கு ஒரு ஸ்டூலும் கொடுத்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க ஒரு பை எடுத்துட்டுப் போயிருக்கீங்க. கேட் ரெஜிஸ்டர்ல இருக்கு" என்றார் தலைவர்.

"டிபன் பாக்ஸ் சார்."

"உள்ள என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல சார். மத்தியானமே சாப்பிட்டுட்டேன்."

'காலியாக இருந்ததாகக் கூறுகிறார். உறுதி செய்ய இயலவில்லை' என்று ஒருவர் எழுதிக்கொண்டார். இரண்டாமவர் கொஞ்சம் விவரமானவர். மிச்சம் பிடித்த நேரத்தைத் தனியார் கம்பெனி எதற்காவது விற்றிருக்கலாமோ என்று சந்தேகப்பட்டார். நேரம் மிச்சமாகவில்லை, அது முதலிலிருந்தே வீண்தான் என்று ஓஸ்வால்ட் சொன்னதும் மூவரும் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக வீண் என்று ஒரு ஒப்பந்த ஊழியன் சொன்னது அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. மேசை இழுப்பறையில் ஒன்பது எண்கள் கிடந்தன. திங்கட்கிழமைகள் வந்து போயின. "இன்னிக்கும் அந்தப் பொம்பள வந்துச்சுங்க" என்று மௌரீன் சொல்லும்போது அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கயிறு கழுத்தில் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லலாம். அவன் பிற்பாடு ஒருநாளும் சொல்லவில்லை.

வழி கண்டுபிடித்தவர் அசோகன். நிரல் ஒன்றரை நிமிடத்தில் முடிக்கட்டும். முடித்துவிட்டு, ஆறு மணி நேரம் நிறைகிற வரைக்கும் கணினி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கட்டும். எண்ணி முடித்த பிறகுதான் முடிவு அச்சாகும். விதியும் நிற்கும், பலகையும் நிற்கும். இதற்கு 'நிதானப் பகுதி' என்று இயக்குநரே பெயர் வைத்தார். எழுத வேண்டியவன் ஓஸ்வால்ட்.

அவன் எழுதினான். இருபது வரி. அவன் வாழ்க்கையில் எழுதியதிலேயே கேவலமான இருபது வரி அது, அதில் ஒரு பிழைகூட இல்லை. ஒப்பந்தம் மறுநாள் புதுப்பிக்கப்பட்டது. வரிசை முதல் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியது.

பார்லிமென்ட் கமிட்டி வந்த அன்று பலகை நூறு காட்டியது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆராவமுதன் மைக்கைப் பிடித்தார்.

"மேல்நாட்டான் வேகம் வேகம்னு ஓடறான். நம்ம பாரம்பரியம் நிதானம். இந்த நிலையத்துல பதில் கிடைச்ச பின்னாடியும் மிஷின் நிக்கறதில்லை. பதிலுக்காக உழைக்கறவன் கூலிக்காரன். பதில் தெரிஞ்ச அப்புறமும் உழைக்கறவன்தான் விஞ்ஞானி!"

கைத்தட்டல் அடங்கியதும் ஒரு உறுப்பினர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மினுங்கிய விளக்குகளைக் காட்டி, "இப்போ அது என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"எண்ணறது சார்."

"எதை?"

"இன்னதுன்னு இல்லை சார். எல்லாத்துக்கும் பொதுவா."

உறுப்பினர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எண்ணிக்கை இவ்வளவு அதிகமாக இருப்பதால் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு பெரிய இயந்திரம் தேவை என்று அங்கேயே பரிந்துரை எழுதினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து ஓஸ்வால்ட் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மௌரீனோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. நாற்காலி இருந்தும் வாசற்படி ஓரத்தில் நின்றாள்.

"இவங்கதான் தமயந்தி. உங்களப் பாத்துப் பேசணும்னாங்க" என்றாள் மௌரீன்.

"இனிமே திங்கக்கிழம லீவு போட்டா வேலைக்கே வராதன்னுட்டாங்கண்ணா. அதான் அக்காவ வீடு கேட்டு வந்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மிஷின்ல என் நம்பரு எப்பண்ணா வரும்?"

ஓஸ்வால்ட் தம்ளரைக் கீழே வைத்தான். இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று சொன்னால் அது நிலையத்தின் கணக்கில் உண்மை. வாய் திறந்தபோது வேறு வந்தது.

"வந்துடுச்சும்மா."

"எப்பண்ணா?"

"அஞ்சு வாரமாச்சு."

மௌரீன் அவனைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல, வெளியே கேட்கும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. மௌரீன் கத்தவில்லை. மற்ற எட்டு எண்களையும் கேட்டுக் கோயில் அறிவிப்புத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். "உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு, தமயந்தியை அழைத்துக்கொண்டு அப்போதே டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினாள். தமயந்தி படி இறங்கும்போது திரும்பி, "அஞ்சு வாரமா உங்களுக்குத் தெரியுமாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

மறுநாள் காலை ஓஸ்வால்ட் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தன்னுடைய நிரலை, நிதானப் பகுதி இல்லாமல், அந்த மென்பொருளை எழுதியவர்களின் பொதுக் குழுவுக்கு அனுப்பினான். யாரோ பின்லாந்துக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் புதிய பதிப்பில் சேர்த்துவிட்டார். மௌரீன் அதை ஆஸ்பத்திரியில் பில் போடுகிற பழைய கணினியில் இறக்கினாள். அந்தக் கிழட்டுக் கணினியிலேயே ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது. அடித்தளத்து மகாயந்திரம் இந்த வேலைக்கு எக்காலத்திலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஒன்பது பேரையும் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். ஏழு பேருக்குச் சிறிய வைத்தியத்தோடு போயிற்று. ஒருத்திக்கு ஒன்றுமில்லை. தமயந்திக்குக் கருப்பையை எடுத்தார்கள், அப்புறம் கதிர்வீச்சு, ஆஸ்பத்திரிப் பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும் என்றார்கள். ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தால் கருப்பை தப்பியிருக்குமா என்று ஓஸ்வால்ட் டாக்டரிடம் கேட்டான். "தப்பியிருக்கும்னும் சொல்ல முடியாது, இருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றார் அவர். அதைவிட அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

நிலையம் அவனை வெளியேற்ற எடுத்துக்கொண்டது அரை நாள். அங்கே அவ்வளவு வேகமாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

"தேசத்தோட சொத்தைத் தூக்கி ஊருக்கெல்லாம் இலவசமாக் குடுத்துட்டே" என்றார் ஆராவமுதன்.

"நாமளும் அதை இலவசமாத்தானே சார் எடுத்தோம்?"

"எடுக்கறது வேற, குடுக்கறது வேற. எடுக்கறதுக்கு ரூல் வேண்டாம்."

ஓஸ்வால்ட் போனான். வரிசை போகவில்லை. எல்லாருக்கும் முடிவு தெரிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி எழுதிய கடிதத்துக்கு, உரிய படிவத்தில் இல்லை என்று பதில் வந்தது. இயந்திரம் நாளுக்கு நான்கு பேராக எண்ணிக்கொண்டே இருந்தது. எழுபத்திரண்டாம் நாள் தமயந்திக்குப் பதிவுத் தபால் வந்தது. 'மிக அவசரம்' என்று முத்திரை. தங்கள் செல்களில் சந்தேகத்துக்குரியவை காணப்படுகின்றன. இயந்திரம் உழைத்த நேரம் ஆறு மணி. நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

அவள் போவேன் என்றாள். தனியாக நடக்கத் தெம்பில்லாததால் ஓஸ்வால்ட் துணைக்குப் போனான். நஞ்சுண்டப்பா அவனுக்குப் பார்வையாளர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆராவமுதன் கீழேயே இருந்தார். புதிய இயந்திரத்துக்கு இடம் அளக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அசோகன் சான்றிதழையும் பதிவேட்டையும் நீட்டினார். இதேபோல் தபால் கிடைத்து முன்னால் வந்த எட்டுப் பேரும் எதற்கென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தமயந்தி சான்றிதழை நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இந்த ஆறு மணி நேரம் எனக்காகவா சார் ஓடுச்சு?"

"முழுக்க முழுக்க உங்களுக்காகத்தாம்மா" என்றார் ஆராவமுதன் பெருமையாக.

"அண்ணன் ஒன்றரை நிமிஷம்னு சொன்னாரு."

"அது அவசரப்பட்டுப் பண்ணது. இதுதான் நிதானமாப் பண்ணது."

"என் வயித்துல இருந்தது நிதானமா இல்லியே சார்" என்றாள் தமயந்தி.

இடம் அளந்தவர்கள் டேப்பைச் சுருட்டாமல் நின்றார்கள். அசோகன் பேனாவை அவள் விரலிடையே வைக்கப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. உங்களுது முடிஞ்சாத்தான் அடுத்த நம்பர் ஓடும். வரிசை மாத்த முடியாது. மிஷின் நின்னுடும்."

"நிக்கட்டும்."

"எல்லாம் நின்னுடும்மா!" என்றார் ஆராவமுதன். தலைக்கு மேல் பலகையில் நூறு தொண்ணூற்றெட்டாகியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்கோ. உக்காருங்கோ. காபி சாப்பிடுங்கோ. நாற்காலி கொண்டு வாங்கப்பா!"

"எனக்கு ரெண்டு மணிக்குக் கரண்ட் வைக்கணும் சார்." அவள் சான்றிதழை மேசைமேல் போட்டாள். "லேட்டானா அங்க அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்க. உங்களுக்காக என்னால காத்திருக்க முடியாது."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். இயக்குநர் பதிவேட்டோடு பின்னாலேயே ஓடிவந்து, கேட்டை மூடச் சொல்லி நஞ்சுண்டப்பாவைப் பார்த்துக் கத்தினார். நஞ்சுண்டப்பா எழுந்து நின்றார். "ஸ்வல்ப இருங்கம்மா, படி இருக்கு, பாத்து" என்று சொல்லி, காருக்கு மட்டும் திறக்கிற பெரிய கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார்.